விளக்கும் விசையும்: லினக்ஸ் மேசைமுகப்பிற் பூட்டுவிசை நிலையும் காட்டிவிளக்கும் முரண்படுதல் பற்றிய ஒரு விளக்கம்

1. பிரச்சினை

கணினியின் விசைப்பலகையிலே கப்ஸ்லொக், நம்லொக், ஸ்குரோல்லொக் என மூன்று பூட்டுவிசைகள் உள்ளன. முதலாவது ஆங்கில எழுத்துகளைப் பேரெழுத்துகளாக்குவது. இரண்டாவது வலப்புற எண்தொகுதியை இலக்கங்களுக்குரியதாக்குவது. மூன்றாவது திரையை உருளாது நிறுத்துதற்கென ஒருகாலத்தில் அமைக்கப்பட்டது. இவற்றின் நிலையை அறிவித்தற்கென மூன்று சிறு காட்டிவிளக்குகள் பலகையின் மேல்விளிம்பிலோ விசைகளின் மேலேயோ பொருத்தப்படுவதுண்டு. விளக்கு எரியின் பூட்டு இடப்பட்டுள்ளது என்றும், அணைந்திருப்பின் பூட்டு நீங்கியுள்ளது என்றும் பயன்படுத்துவோர் கொள்கின்றனர். இதனினும் எளிய குறியீட்டுமுறை வேறில்லை எனலாம்.

ஆயினும் லினக்ஸ் பணிசெயல் முறைமையைக் கையாள்வோர் இக்குறியீடு பொய்த்துவிடும் சந்தர்ப்பங்களை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். விளக்கு எரிகின்றது, எழுத்துகளோ சிறியனவாகவே விழுகின்றன. விளக்கு அணைந்திருக்கின்றது, எழுத்துகள் யாவும் பேரெழுத்துகளாகின்றன. இரு பலகைகள் இணைக்கப்பட்டவிடத்து ஒன்றின் விளக்கு எரிய மற்றையது அணைந்து கிடக்கின்றது. இதனை அற்பமான கோளாறு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையிலே புள்ளிகளன்றி எழுத்துகள் தோன்றுவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வேளையில் விளக்கொன்றே சாட்சி. சாட்சி பொய்யுரைப்பின், சரியான கடவுச்சொல்லைத் தட்டியவரே பிழை செய்தவராகின்றார். பல முறைமைகளில் ஒருசில முயற்சிகளின் பின்னர் அவரது கணக்கு பூட்டப்பட்டும் விடுகின்றது. பொறியின் அகத்தே நிகழ்ந்த முரணுக்குப் பொறுப்பேற்பவர் அதன்முன் அமர்ந்திருப்பவர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

எனவே இம்முரண் எவ்வாறு தோன்றுகின்றது, எத்தனை வகைப்படும், அதனை எவ்வாறு இனங்காணலாம் என்பவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும். அதற்கு முதற்கண் பூட்டுவிசையின் வரலாற்றை நோக்குதல் அவசியமாகின்றது.

2. வரலாற்றுப் பின்னணி

பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒரே விசையினாற் பெறும் முறையை 1878இல் வெளிவந்த றெமிங்ரன் 2 என்னும் தட்டச்சுப் பொறி சந்தைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய பொறிகளில் ஷிப்ற் விசையை அழுத்தும்போது பொறியின் ஒரு பகுதி மெய்யாகவே இடம்பெயர்ந்தது. தொடர்ந்து பேரெழுத்துகளை அடிக்க வேண்டிய தட்டச்சாளரின் விரலுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, அவ்விசையைக் கீழே கொளுவி நிறுத்தும் பூட்டு அமைக்கப்பட்டது. இங்கே நிலை வேறு, அதன் அறிகுறி வேறு என்ற பிரிவினை இல்லை. விசை தாழ்ந்திருப்பதுதான் பூட்டு; பூட்டு என்பது விசை தாழ்ந்திருப்பதே. கண்ணை மூடிக்கொண்டு விரலாற் தடவியும் அதனை அறியலாம். முரண் தோன்றுவதற்கு இடமேயில்லை.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியிலே இவ்வொருமை உடைந்தது. அதன் பலகையில் 83 விசைகள் இருந்தன. கப்ஸ்லொக் விசை அழுத்தியதும் மீண்டும் மேலெழுந்துவிடும். பூட்டின் நிலையோ கணினியின் நினைவகத்தில் ஒரு பைற்றின் தனியொரு பிற்றாகப் பதியப்பட்டது. பலகையிலே காட்டிவிளக்கு எதுவும் இருக்கவில்லை. நிலை கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத ஓரிடத்திற்குச் சென்றுவிட்டது; அறிகுறியோ இல்லாதொழிந்தது. 1984இல் வந்த ஏ.ரி. வகைக் கணினியே மூன்று விளக்குகளைப் பலகையிற் பொருத்தியது. இதற்கெனப் பலகைக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு இருவழிப்பட்டதாக மாற்றியமைக்கப்பட்டது. முன்னர் பலகை கூறக் கணினி கேட்டது. இப்போது கணினியும் பலகைக்கு ஆணையிடலாயிற்று. 237 என்னும் எண்ணை அனுப்பி, அதன்பின் மூன்று பிற்றுகள் கொண்ட செய்தியொன்றை அனுப்பினால், விளக்குகள் அதற்கேற்ப எரியும் அல்லது அணையும்.

இவ்விடத்திலேதான் எமது பிரச்சினையின் வேர் உள்ளது. விளக்கு பலகையில் இருக்கின்றது. நிலை கணினியில் இருக்கின்றது. விசைக்கும் அதன் அருகிலுள்ள விளக்கிற்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி கணினிக்குச் செல்கின்றது. கணினி தன் பதிவை மாற்றுகின்றது. பின்னர் விளக்கை மாற்றுமாறு ஆணை திரும்பி வருகின்றது. பின்வந்த யூ.எஸ்.பி. நெறிமுறையும் இக்கொள்கையையே பின்பற்றுகின்றது: விளக்கையும் நிலையையும் ஒத்திசையச் செய்வது கணினியின் கடமையேயன்றிப் பலகையின் கடமையன்று. ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும் விசையும் விளக்கும் கணினி முழுவதையும் சுற்றி வந்தே ஒன்றையொன்று அறிகின்றன. அப்பாதையில் எங்கு இடையூறு நேரினும் விளக்கு பழைய செய்தியையே கூறிக்கொண்டிருக்கும்.

நம்லொக்கின் வரலாறும் இங்கு குறிப்பிடத்தக்கது. 83 விசைப் பலகையில் அம்புக்குறி விசைகள் தனியே இருக்கவில்லை. எண்தொகுதியே இரு பணிகளையும் செய்தது. எனவே எப்பணி என்பதைத் தீர்மானிக்கும் பூட்டு இன்றியமையாததாயிற்று. ஐ.பி.எம். பின்னர் வெளியிட்ட 101 விசைப் பலகையிலே அம்புக்குறிகள் தனியிடம் பெற்றன. தேவை பெரும்பாலும் மறைந்தது, பூட்டு மறையவில்லை. தேவை நீங்கிய பின்னரும் அமைப்பிலே தங்கிவிட்ட எச்சங்களே நிலைபற்றிய குழப்பங்களை மிகுதியாகத் தோற்றுவிக்கின்றன. சில மடிக்கணினிகளில் நம்லொக் இடப்பட்டால் வலக்கைப் பக்க எழுத்துவிசைகளே இலக்கங்களாக மாறிவிடுகின்றன. கடவுச்சொல்லிலே எழுத்துக்குப் பதிலாக இலக்கம் விழுவதை அதனைத் தட்டுபவர் காண்பதற்கு வழியில்லை.

3. லினக்ஸில் நிலையை வைத்திருப்போர் யாவர்?

ஒரு பணிசெயல் முறைமையில் பூட்டின் நிலை ஓரிடத்தில் மட்டும் பதியப்பட்டிருப்பின் சிக்கல் குறைவாகவே இருக்கும். லினக்ஸின் நிலைமை அவ்வாறன்று. அதன் மேசைமுகப்பு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குழுவினரால், வெவ்வேறு தேவைகளுக்காக ஆக்கப்பட்ட அடுக்குகளின் சேர்க்கையாகும்.

முதலாவது அடுக்கு கேர்னல் எனப்படும் கருவகமாகும். 1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய இக்கருவகம், சாளரங்களற்ற எழுத்து முனையங்களை ஒன்றுக்கு மேற்பட்டனவாக வழங்குகின்றது. ஒவ்வொரு முனையத்திற்கும் தனித்தனிப் பூட்டுநிலை உண்டு. முதலாம் முனையத்திற் கப்ஸ்லொக் இடப்பட்டிருக்க, இரண்டாம் முனையத்தில் அது நீங்கியிருக்கலாம். முனையம் மாறும்போது விளக்கும் மாறும். இங்கே விளக்கு பொய்யுரைக்கவில்லை. பூட்டு ஒன்றே என எண்ணும் எமது கருத்தே பொருந்தாது போகின்றது.

இரண்டாவது அடுக்கு சாளர முறைமையாகும். 1984இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தோன்றி, 1987இல் 11ஆம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் சாளர முறைமை லினக்ஸைவிட மூத்தது. பூட்டுநிலை பற்றிய அதன் பதிவு கருவகத்தின் முனையப் பதிவிலிருந்து வேறானது. 1996இல் அதனுடன் சேர்ந்த விசைப்பலகை விரிவு, ‘இன்ன திரிபுநிலை பூட்டப்பட்டிருப்பின் இன்ன விளக்கு எரிக’ என்ற விதிகளை ஓர் அட்டவணையாக வகுத்தது. விளக்கு விசையைச் சாராது, அட்டவணையைச் சார்ந்ததாயிற்று. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் நெறிமுறையிலே, சாளரங்களைத் தொகுத்துத் திரையிலிடும் நிரலே பூட்டுநிலையையும் பேணுகின்றது. பலகைகளுக்கு விளக்காணை பிறப்பிப்பதும் அதுவே. எல்லாப் பலகைகளுக்கும் ஒரே நிலையைப் பேணும் தொகுப்பிகளும் உள்ளன. ஒவ்வொரு பலகைக்கும் தனிநிலை பேணத்தக்கனவும் உள்ளன.

மூன்றாவது அடுக்கு பலகையே. தனக்கு இறுதியாகக் கிடைத்த ஆணையை அது நிறைவேற்றி வைத்திருக்கின்றது. விளக்கு மெய்யாகவே எரிகின்றதா எனக் கருவகம் பொதுவாகத் திரும்பிக் கேட்பதில்லை. ஆகவே கருவகம் அறிந்திருப்பது விளக்கின் நிலையன்று. விளக்கிற்குத் தான் இட்ட ஆணையே.

4. முரணின் வகைகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் இம்முரண்களை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, செய்தி சென்றடையாமை. கப்ஸ்லொக் இடப்பட்டிருக்கையிற் பலகையைக் கழற்றி மீண்டும் செருகினால், மின்னிழந்த பலகை விளக்கணைந்த நிலையில் திரும்பி வருகின்றது. புதிதாக வந்த பலகைக்கு நடப்பு நிலையை மீள அறிவிப்பது மேலடுக்கின் பொறுப்பு. அது தவறுமாயின் பூட்டு இருக்க விளக்கு இராது. கணினி உறங்கி விழிக்கும்போதும் இதுவே நிகழத்தக்கது. விழிப்பின்போது விளக்குகளை மீட்பதற்குக் கருவகத்தில் ஏற்பாடு உண்டாயினும், ஆணை பிறக்கும் கணத்தில் பலகை அதனை ஏற்கும் நிலையில் இல்லாதிருப்பின் ஆணை வீணாகும்.

இரண்டாவது, அதிகாரம் இரட்டித்தல். ஒரு கணினியினுள்ளே மெய்நிகர்க் கணினியொன்றை இயக்கும்போதும், தொலைவிலுள்ள கணினியொன்றை வலையமைப்பினூடு ஆளும்போதும் இரு முறைமைகள் தத்தம் பூட்டுநிலையைப் பேணுகின்றன, விளக்கோ ஒன்றே. இங்கு நுணுக்கமான ஒரு காரணம் உண்டு. விளக்கிற்குச் செல்லும் ஆணை ‘எரிக’ அல்லது ‘அணைக’ எனத் திட்டமாகக் கூறுகின்றது. விசையிலிருந்து செல்லும் செய்தியோ ‘மாறுக’ என்று மட்டுமே கூறுகின்றது. இரு முறைமைகளும் ஒருமுறை ஒன்றுக்கொன்று எதிரான நிலைகளிற் தொடங்கிவிட்டால், அதன்பின் எத்தனை முறை விசையை அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்தே மாறி, எதிரெதிராகவே நிற்கும். இதனை உணர்ந்தே சில தொலைமேசை நெறிமுறைகள் பூட்டுநிலையைத் திட்டமாக அறிவிக்கும் தனிச்செய்தியைச் சேர்த்துள்ளன. அச்செய்தி இல்லாதவிடத்து முரண் தானாக நீங்குவதில்லை.

மூன்றாவது, பொருள் மாற்றம். கப்ஸ்லொக் விசையைக் கொன்ற்றோல் விசையாக மாற்றிக்கொள்வோர் பலர். பூட்டு இடப்பட்டிருந்த வேளையில் இம்மாற்றம் செய்யப்பட்டால், பூட்டை நீக்குதற்கு விசையே இல்லாது போகின்றது, விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஸ்குரோல்லொக்கின் நிலைமை இதற்கு மறுதலையானது. எக்ஸ் முறைமையின் வழமையான அமைப்புகளில் அவ்விசையுடன் திரிபுநிலை எதுவும் இணைக்கப்படாமையால், அதனை எத்தனை முறை அழுத்தினும் விளக்கு எரிவதில்லை. பழுதுபட்டது எனப் பலகையை மாற்றியவர்களும் இருக்கக்கூடும். பலகையிற் குறை ஏதுமில்லை. இன்னும், லினக்ஸ் விளக்குகளைப் பூட்டுநிலையிலிருந்து பிரித்துவிடுவதற்கும் இடமளிக்கின்றது. எழுத்து முனையத்தில் விளக்குகளை மாற்றும் செற்லெட்ஸ் என்னும் ஆணைக்கு, நிலையைத் தொடாது விளக்கை மட்டும் மாற்றும் தெரிவு ஒன்றுண்டு. அதனைப் பயன்படுத்திய பின் விளக்குகள் நிலையைக் காட்டா, இடப்பட்டதையே காட்டும். அதே தெரிவை வேறெதுவும் சேர்க்காது மீண்டும் இட்டாற் பழைய தொடர்பு மீளும். கருவகம் மீளமுடியாதவாறு செயலிழக்கும்போது சில பலகைகளில் விளக்குகள் விட்டுவிட்டு ஒளிர்வதும் உண்டு. அப்போது அவை பூட்டைப் பற்றிப் பேசவில்லை, முறைமையின் வீழ்ச்சியையே அறிவிக்கின்றன.

நான்காவது, காலப் பிறழ்ச்சி. எக்ஸ் விசைப்பலகை விரிவின் வழமையான விதிப்படி, கப்ஸ்லொக்கின் பூட்டு விசை அழுத்தப்படும் கணத்தில் விழுகின்றது; ஆனால் அது நீங்குவது, இரண்டாம் முறை அழுத்தப்பட்ட விசை விடுபடும் கணத்திலேயே. ஷிப்ற் விசைக்குப் பதிலாகக் கப்ஸ்லொக்கை இருமுறை தட்டிப் பேரெழுத்திடும் பழக்கமுடைய விரைவுத் தட்டச்சாளரின் இரண்டாம் எழுத்தும் பேரெழுத்தாகிவிடுவது இதனாலாகும். விளக்கு இங்கு முறைமையுடன் ஒத்தே மாறுகின்றது; கையின் எதிர்பார்ப்புடனேயே ஒத்துப்போகவில்லை.

5. எழுத்தின் இயல்பும் பூட்டின் பொருளும்

பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லை. எனினும் நாம் தமிழைத் தட்டும் பலகை அவ்வேறுபாட்டிற்கென அமைந்த பலகையேயாகும். சாளர முறைமையின் அட்டவணையில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வகைமை உண்டு. பேரெழுத்து வேறுபாடற்ற வகைமையைச் சேர்ந்த விசைகளைக் கப்ஸ்லொக் பாதிப்பதில்லை. அத்தகைய தமிழ்த் தளக்கோலத்திற் தட்டுகையிற் கப்ஸ்லொக் இடப்பட்டால் விளக்கு எரியும். எழுத்தில் மாற்றம் எதுவும் தோன்றாது. ஆங்கிலத் தளக்கோலத்திற்கு மீண்டதும் எழுத்துகள் யாவும் பேரெழுத்துகளாகும். விளக்கு காட்டுவது நிலையையேயன்றி அதன் விளைவையன்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காட்டல் அரிது.

எக்ஸ் விசைப்பலகை விரிவு, பணியற்றுக் கிடக்கும் ஸ்குரோல்லொக் விளக்கை இரண்டாம் தளக்கோலம் நடைமுறையிலுள்ளது என்பதற்கு அறிகுறியாக்கும் தெரிவை வழங்குகின்றது. இருமொழிகளிலோ மும்மொழிகளிலோ தட்டும் எமக்கு அது பயன்மிக்கது. ஆனால் தளக்கோலத்தை மாற்றாது உள்ளீட்டு நிரலொன்றின் மூலம் தமிழைப் பெறுவோருக்கு இவ்விளக்கு உதவாது. மொழிநிலையை அவ்வுள்ளீட்டு நிரலே வைத்திருக்கின்றது, சாளர அட்டவணை அதனை அறியாது.

எழுத்தின் இயல்பிற்கும் பூட்டிற்கும் உள்ள உறவைக் காட்டும் இன்னொரு நிகழ்வும் உண்டு. கருவகத்தின் எழுத்து முனையத்தில் அமைந்த கப்ஸ்லொக் யூனிகோட் முறையில் ஆங்கில அடிப்படை எழுத்துகளுக்கு அப்பாற்பட்டவற்றைச் சரிவரக் கையாளவில்லை. எனவே டெபியன் வெளியீட்டினர் அவ்விசையை வேறொரு திரிபுநிலையின் பூட்டுடன் இணைத்தனர். எழுத்துகள் சரியாகப் பெரிதாகின. ஆனால் விளக்கு எரியாது போயிற்று. ஏனெனில் விளக்கு பழைய பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. 2015இல் வெளிவந்த கருவகத்தின் 4.2ஆம் பதிப்பு, எவ்விளக்கு எந்நிலையைப் பின்பற்ற வேண்டும் என்பதை வெளியிலிருந்து தீர்மானிக்கும் வசதியை அளித்த பின்னரே இதனைச் சீர்செய்யும் வழி பிறந்தது. ஆங்கிலமல்லாத மொழிகளுக்காகச் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றின் விலையாக விளக்கு அணைந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

6. இனங்காணும் முறை

முரண் தோன்றியவிடத்து எவ்வடுக்கில் அது பிறந்தது என அறிதலே முதற்பணி. அதற்கு மேலிருந்து கீழாகச் செல்லுதல் நன்று.

முதலில், எழுத்து வெளிப்படையாகத் தோன்றும் ஓரிடத்தில் ஆங்கிலத் தளக்கோலத்தில் ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். விழும் எழுத்தே மெய்ந்நிலை. விளக்கு அதுபற்றிய கூற்று மட்டுமே. கடவுச்சொல்லை ஐயத்துடன் மீண்டும் மீண்டும் தட்டுவதிலும் இது பாதுகாப்பானது. உள்நுழைவுத் திரையிற் பயனர் பெயருக்கான பெட்டி இருப்பின் அதுவே போதும்.

இரண்டாவதாக, சாளர முறைமை என்ன எண்ணுகின்றது என்பதை அறிதல் வேண்டும். எக்ஸ் முறைமையில் எக்ஸ்செற் என்னும் ஆணை, வினாவற் தெரிவுடன் இடப்பட்டால், மூன்று பூட்டுகளின் நிலையையும் எழுத்தில் தருகின்றது. விழும் எழுத்தும் இவ்விடையும் ஒத்திருந்து விளக்கு மாத்திரம் வேறுபடின், குறை கீழடுக்கிலுள்ளது. மூன்றாவதாக, கருவகத்தின் சிஸ் அடைவில் விளக்குகளுக்கென உள்ள பகுதியை நோக்கலாம். அங்கு ஒவ்வொரு பலகையின் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே பட்டியலிடப்பட்டிருக்கும். அதன் ஒளிர்வு மதிப்பும், அது எந்நிலையைப் பின்பற்றுகின்றது என்பதும் தெரியும். ஒளிர்வு மதிப்பு மேலடுக்குடன் ஒத்திருக்க விளக்கு மட்டும் வேறுபடின், ஆணை பலகையைச் சென்றடையவில்லை. பலகையைக் கழற்றிச் செருகுவதோ விசையை இருமுறை அழுத்துவதோ போதுமானது. ஒளிர்வு மதிப்பே மேலடுக்குடன் முரணின், மேலடுக்கு ஆணையிடத் தவறியது அல்லது வேறொருவர் விளக்கைக் கைப்பற்றியுள்ளார் என்பது பெறப்படும்.

மெய்நிகர்க் கணினியிலும் தொலைமேசையிலும், அதன் சாளரத்திற்கு உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் எழுத்தைத் தட்டி ஒப்புநோக்க வேண்டும். இரண்டும் எதிரெதிராயின், அச்சாளரத்திற்கு மட்டும் செல்லுமாறு பூட்டுவிசையை ஒருமுறை அனுப்பும் வழியை நாட வேண்டும். இருபுறமும் செல்லும் அழுத்தம் பயன் தராது என்பதை முன்னரே கண்டோம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பூட்டின் நிலைக்கு ஓரிடமே இருத்தல் வேண்டும். ஏனையவை அதனைக் காட்டுவனவாக மட்டும் அமைதல் வேண்டும். அடுக்குகளுக்கிடையே செல்லும் செய்தி ‘மாறுக’ என்றன்றி ‘இன்னதாகுக’ என்று அமைதல் வேண்டும். புதிய பலகை இணையும்போதும், கணினி விழிக்கும்போதும், சாளரம் மாறும்போதும் அச்செய்தி மீள அனுப்பப்படல் வேண்டும்.

இவை புதிய கோட்பாடுகளல்ல. இவற்றை நடைமுறைப்படுத்துவதிலேயே இடர்ப்பாடு உள்ளது. ஒவ்வோர் அடுக்கையும் பேணுபவர் தமது அடுக்கு சரியாகவே இயங்குகின்றது எனக் காட்டவியலும். அவர் கூற்று பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். குறை அடுக்குகளில் அன்றி அவற்றின் உறவில் இருப்பதால், அது யாருடைய குறையும் அல்லாததாகி, ஈற்றிற் பயன்படுத்துபவரின் கவனக்குறைவாகக் கணிக்கப்படுகின்றது. விளக்கையே காணவியலாத பார்வையற்றோருக்கும், விளக்கே பொருத்தப்படாத மலிந்த கம்பியில்லாப் பலகைகளைக் கையாள்வோருக்கும் நிலைமை இன்னும் கடினமானது. அவர்களுக்கு ஒலியாலோ திரையிலோ நிலையை அறிவித்தல் வசதியன்று, அடிப்படைத் தேவையாகும்.

லினக்ஸின் சிறப்பு, இவ்வடுக்குகள் யாவும் எவரும் திறந்து பார்க்கத்தக்கனவாக இருத்தலே. எனவே முரணைக் கண்டவர் ‘விளக்கு வேலை செய்யவில்லை’ என்று கூறுவதுடன் நின்றுவிடாது, எழுத்து யாது, சாளர முறைமையின் விடை யாது, கருவகத்தின் ஒளிர்வு மதிப்பு யாது, தளக்கோலம் யாது என நான்கையும் குறித்து அறிவிப்பாராயின், குறை எந்த உறவிலே பிறந்தது என்பது அவ்வறிக்கையிலேயே புலப்படும். தமிழ்த் தளக்கோலங்களிற் பணியாற்றும் எம்மவரின் அறிக்கைகள் இவ்விடயத்திற் சிறப்பாகப் பயன்படும். பேரெழுத்தில்லாத மொழியில் இப்பூட்டு எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை நாளாந்தம் காண்பவர்கள் அவர்களே.